பாட்டு வந்துவிட்டது, பட்டியல் எங்கே?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. பழைய கணினியை இழுத்துப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் பலருக்குப் புதியது வாங்க அதுவே காரணமாயிற்று. புகைப்படங்களும் ஆவணங்களும் ஹார்ட் டிஸ்க்கில் ஏறி, புதிய கணினியில் சேதாரமில்லாமல் இறங்கிவிடுகின்றன. ஐட்யூன்ஸில் வருடக்கணக்காகப் பாட்டுச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்குத்தான் குழப்பம். எம்பி3 கோப்புகள் ஒன்றுகூடக் குறையாமல் வந்திருக்கும். செயலியைத் திறந்தால் பிளேலிஸ்ட்டுகளைக் காணோம். போட்டு வைத்த நட்சத்திரங்களைக் காணோம். எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டோம் என்ற கணக்கு பூஜ்யத்தில் நிற்கிறது. பத்து வருடத்துக்கு முன் சேர்த்த பாட்டும் இன்று காலைதான் சேர்ந்ததாகக் காட்டுகிறது.

செயலியைத் திட்டுவதில் பாதி நியாயம் உண்டு. ஆனாலும் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால், இதில் அநேகமாக எதையும் இழக்க வேண்டியதில்லை.

2001 ஜனவரியில் மேக் கணினிக்கும், 2003 அக்டோபரில் விண்டோஸுக்கும் வந்தது ஐட்யூன்ஸ். நாம் அதில் ‘லைப்ரரி’ என்று பார்ப்பது உண்மையில் இரண்டு தனித்தனிச் சரக்கு. ஒன்று, பாட்டுக் கோப்புகள். ‘ஐட்யூன்ஸ் மீடியா’ என்ற ஃபோல்டரில் பாடகர் வாரியாக, ஆல்பம் வாரியாக அடுக்கியிருக்கும். இன்னொன்று, அதற்கு வெளியே, ஒரு படி மேலே உள்ள ‘ஐட்யூன்ஸ்’ ஃபோல்டரில் ‘ஐட்யூன்ஸ் லைப்ரரி’ என்ற பெயரோடு கிடக்கும் ஒற்றைக் கோப்பு. அதன் வால் ஐடிஎல். பத்தாயிரம் பாட்டு சுமார் 50 ஜிபி இடத்தைப் பிடிக்கும்போது, இந்தக் கோப்பு சில பத்து எம்பிக்குள் அடங்கிவிடும். அளவில் சின்னதாக இருப்பதாலேயே எவர் கண்ணிலும் படுவதில்லை. பாட்டு ஃபோல்டரை மட்டும் காப்பி செய்துவிட்டு, இதைப் பழைய கணினியோடு எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுகிறோம்.

பாட்டைப் பற்றிய விவரங்களில் எது பாட்டுக் கோப்போடு போகும், எது இந்த ஐடிஎல் கோப்போடு போகும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பாட்டின் பெயர், பாடியவர், இசையமைப்பாளர், ஆல்பம், ஆண்டு எல்லாம் எம்பி3 கோப்புக்குள்ளேயே ‘ஐடி3’ என்ற குறிப்பாக எழுதப்படுகின்றன. 1996-இல் வந்த முதல் வடிவம், கோப்பின் கடைசி 128 பைட்டில் அடங்கியது; பாட்டின் பெயருக்கு 30 பைட்டுதான் இடம். 1998-இல் வந்த இரண்டாம் வடிவம் யூனிகோடு எழுத்துகளுக்கும் படத்துக்கும் பாடல் வரிகளுக்கும் இடம் கொடுத்தது. தமிழ்ப் பாட்டுச் சேர்ப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகளில் வேலை அதிகம். இணையத்தில் சுற்றிய பழைய திரைப்பாட்டுகளில், பாடகர் இருக்க வேண்டிய இடத்தில் இசையமைப்பாளர் இருப்பார். படத்தின் பெயரோடு ஏதோவொரு தளத்தின் முகவரி ஒட்டிக்கொண்டிருக்கும். இவற்றை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தியவர்கள் நிம்மதியாக இருக்கலாம். அந்த உழைப்பு கோப்புக்குள் இருக்கிறது. எந்தக் கணினிக்குப் போனாலும், எந்தச் செயலியில் திறந்தாலும் கூடவே வரும். கர்நாடக இசை ரசிகர்கள் ராகம், தாளத்துக்குத் தனிக் கட்டம் இல்லாததால் ‘கமென்ட்ஸ்’ கட்டத்தில் எழுதிவைப்பதுண்டு. அதுவும் கோப்போடுதான் போகும்.

போகாதவை வேறு. ஐந்து நட்சத்திரம், கேட்ட எண்ணிக்கை, கடைசியாகக் கேட்ட நாள், லைப்ரரியில் சேர்த்த நாள், பிளேலிஸ்ட்டுகள் ஆகியவற்றை ஐட்யூன்ஸ் பாட்டுக் கோப்பில் எழுதுவதே இல்லை, எல்லாம் ஐடிஎல்லில்தான். செயலியே இணையத்திலிருந்து இறக்கிக்கொடுத்த ஆல்பம் அட்டைப்படங்களும் ‘ஆல்பம் ஆர்ட்வொர்க்’ என்ற தனி ஃபோல்டரில் இருக்கின்றன. இவையெல்லாவற்றையும்விட மோசமாக மாட்டிக்கொள்பவர்கள், பழைய கேசட்டுகளைக் கணினியில் பதிவு செய்து ‘வேவ்’ வடிவத்தில் வைத்திருப்பவர்கள். வேவ் கோப்பில் ஐட்யூன்ஸ் எந்தக் குறிப்பையும் எழுதுவதில்லை. திரையில் பாட்டின் பெயர், பாடியவர், கச்சேரி நடந்த ஆண்டு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஆனால் அத்தனையும் ஐடிஎல்லில் உள்ளது. அது போய்விட்டால் மிஞ்சுவது ‘டிராக் 01’, ‘டிராக் 02’ என்ற வரிசைதான். இவர்கள் கணினி மாற்றுவதற்கு முன்பே, ஒலித்தரம் குறையாத ‘ஆப்பிள் லாஸ்லெஸ்’ வடிவத்துக்கு அவற்றை மாற்றிக்கொள்வது நல்லது. ஐட்யூன்ஸிலேயே அதற்கு வசதி இருக்கிறது, குறிப்புகளும் கோப்புக்குள் ஏறிவிடும்.

சரி, ஐடிஎல்லையும் எடுத்துவந்தாயிற்று; அப்போதும் சில பாட்டுகளுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி வந்து நிற்பானேன்? ஐடிஎல் பாட்டைத் தன்னுள் வைத்திருப்பதில்லை, பாட்டின் முகவரியைத்தான் வைத்திருக்கிறது. ‘டி டிரைவில், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில், இந்தப் பெயரில்’ என்று குறித்திருக்கும். புதிய கணினியில் டி டிரைவே இல்லையென்றால் அந்த முகவரிக்குப் பொருளில்லை. வீடு மாறிய பிறகும் ரேஷன் கார்டில் பழைய தெருவே இருப்பதைப் போன்ற சங்கடம்தான். ஆளும் இருக்கிறார், கார்டும் இருக்கிறது, இரண்டும் பொருந்தவில்லை.

இதைப் பழைய கணினியிலேயே சரிசெய்துகொள்ள ஐட்யூன்ஸ் ஒரு வழி வைத்திருக்கிறது. ‘ஃபைல்’ மெனுவில் ‘லைப்ரரி’, அதற்குள் ‘ஆர்கனைஸ் லைப்ரரி’, அதில் ‘கன்சாலிடேட் ஃபைல்ஸ்’. இதைத் தேர்ந்தெடுத்தால், டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் இன்னொரு டிரைவிலும் சிதறிக்கிடக்கும் பாட்டுகளையெல்லாம் செயலி தேடிப்பிடித்து மீடியா ஃபோல்டருக்குள் கொண்டுவரும். ஐடிஎல்லில் முகவரிகளையும் தானே திருத்திக்கொள்ளும். கவனிக்க வேண்டியது, அது பாட்டுகளை நகர்த்துவதில்லை, பிரதி எடுக்கிறது. மூலப்பிரதி இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே டிஸ்க்கில் அதற்கான இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் பாதியில் நிற்கும். ஆரம்பிக்கும் முன் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஆச்சரியக்குறி வாங்கிய பாட்டுகளை இது கண்டுபிடித்துத் தராது. அவற்றை ஒவ்வொன்றாகச் சொடுக்கி, செயலி ‘எங்கே இருக்கிறது’ என்று கேட்கும்போது காட்டிக்கொடுக்க வேண்டும்.

அதன்பின் ஐட்யூன்ஸை முழுவதுமாக மூடுங்கள். செயலி திறந்திருக்கும்போது எடுக்கும் பிரதியை நம்ப முடியாது. மியூசிக் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஐட்யூன்ஸ்’ ஃபோல்டர் முழுவதையும், உள்ளே கைவைத்து எதையும் பிரிக்காமல், வெளி ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. இந்த ஒரு நிமிடத்தைப் பலர் செலவழிப்பதில்லை.

புதிய கணினியில்தான் அவசரம் வேலையைக் கெடுக்கிறது. ஐட்யூன்ஸை நிறுவியதும் ஆவலில் திறப்போம். அது காலியான புது லைப்ரரி ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். ‘ஃபோல்டரைச் சேர்’ என்ற வசதி கண்ணில் படும். பாட்டு ஃபோல்டரைக் காட்டுவோம். எல்லாப் பாட்டும் வந்து விழும், வேலை முடிந்தது போலவே தெரியும். முதல் பத்தியில் சொன்ன கதை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. செய்ய வேண்டியது, செயலியைத் திறக்கும் முன்பே பழைய ஐட்யூன்ஸ் ஃபோல்டரைப் புதிய கணினியின் மியூசிக் ஃபோல்டருக்குள் வைப்பது. ஏற்கெனவே திறந்துவிட்டீர்களா, பரவாயில்லை. மூடிவிட்டு, அது உருவாக்கிய காலி ஃபோல்டருக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டுப் பழையதை வையுங்கள். பிறகு ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஐட்யூன்ஸைத் திறந்தால், எந்த லைப்ரரி என்று கேட்கும். கொண்டுவந்த ஃபோல்டரில் உள்ள ஐடிஎல் கோப்பைக் காட்டினால் போதும். மேக்கில் ஷிஃப்ட்டுக்குப் பதில் ஆப்ஷன் விசை. பாட்டுகள் அந்த ஃபோல்டருக்குள்ளேயே இருப்பதால், கணினியில் உங்கள் பயனர்பெயர் மாறியிருந்தாலும் செயலி பொதுவாக வழி கண்டுபிடித்துக்கொள்ளும். கன்சாலிடேட் செய்யச் சொன்னதன் பலன் இங்கேதான் கிடைக்கிறது.

புதிய கணினியில் உள்ள ஐட்யூன்ஸ், பழையதில் இருந்த பதிப்புக்குச் சமமாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிந்திய பதிப்பு எழுதிய ஐடிஎல்லை முந்திய பதிப்பு படிக்காது.

ஐபாடையோ ஐஃபோனையோ இணைத்துப் பாட்டு ஏற்றுபவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுமை காட்ட வேண்டும். ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. கருவி அதை நினைவில் வைத்திருக்கும். ஐடிஎல்லோடு முழுதாக மாற்றியிருந்தால் அந்த எண்ணும் கூடவே வந்திருக்கும், கருவி பழைய உறவைத் தொடரும். காலி லைப்ரரியில் பாட்டுகளைக் கொட்டியிருந்தால், ‘இது வேறொரு லைப்ரரியோடு இணைந்தது, அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றட்டுமா’ என்று கேட்கும். யோசிக்காமல் சம்மதித்துவிட்டால் கருவியில் இருந்த பாட்டுகள் போய்விடும். பழைய கணினியும் கையை விட்டுப் போயிருந்தால், சில பாட்டுகளுக்கு அதுதான் கடைசிப் பிரதியாக இருந்திருக்கும்.

2024 பிப்ரவரியில் விண்டோஸுக்கென்று ‘ஆப்பிள் மியூசிக்’ செயலி தனியாக வந்தது. அதை நிறுவினால் பாட்டு வேலை அதன் கைக்குப் போய்விடும். பாட்காஸ்ட்டும் ஒலிநூலும் மட்டும் ஐட்யூன்ஸில் தங்கும். மேக்கில் 2019-இலேயே கேட்டலினா பதிப்போடு ஐட்யூன்ஸ் போய், ‘மியூசிக்’ வந்துவிட்டது. புதிய செயலிகளை வேண்டாம் என்று சொல்லவில்லை. கணினியை மாற்றும் அதே நாளில் செயலியையும் மாற்றினால், ஏதாவது தவறும்போது எது காரணம் என்று தெரியாமல் போகும். முதலில் ஐட்யூன்ஸிலிருந்து ஐட்யூன்ஸுக்கு வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு அடுத்ததைப் பாருங்கள்.

ஐட்யூன்ஸை விட்டு மியூசிக்பீ, ரிதம்பாக்ஸ் போன்றவற்றுக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்கள் கொண்டுபோகக்கூடியது ‘எம்3யு’ வடிவப் பிளேலிஸ்ட். அது வெறும் உரைக்கோப்பு, வரிக்கு ஒரு முகவரி. நோட்பேடில் திறந்து பழைய முகவரியின் முன்பகுதியைப் புதியதாக மாற்றிச் சேமிக்கலாம். தமிழில் பெயர் வைத்த கோப்புகள் உள்ளவர்களுக்கு இங்கே இரண்டு சிக்கல்கள் காத்திருக்கின்றன. எம்3யு பழைய காலத்து எழுத்துமுறையில் சேமிக்கப்பட்டால், தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். யூனிகோடுக்கு முந்திய விண்டோஸ் எழுத்துத் தொகுதிகளில் தமிழுக்கு இடமே இருந்ததில்லை. ‘எம்3யு8’ என்று சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, கண்ணால் பார்த்துப் பிடிக்கவே முடியாதது. ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். ‘கோ’வுக்கும் ‘கௌ’வுக்கும் இதே கதை. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. 2017 வரை மேக் கணினிகளில் வழக்கத்தில் இருந்த கோப்பு முறைமை, பெயர்களைப் பிரித்து வைத்துக்கொள்ளும் பழக்கமுள்ளது. விண்டோஸும் லினக்ஸும் கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். இரண்டு வடிவமும் ஒன்றுதான் என்று அவற்றுக்குத் தெரியாது. ஆகவே பழைய மேக் வழியாக வந்த பாட்டு ஃபோல்டரும், விண்டோஸில் எழுதிய பிளேலிஸ்ட்டும் சந்திக்கும்போது, ‘கோடை’ என்று பிளேலிஸ்ட் கேட்க, ‘கோடை’ என்ற பெயரோடு கோப்பு அங்கேயே இருக்க, செயலி இல்லை என்று சாதிக்கும். ‘பாடல்’, ‘இசை’ போன்ற பெயர்கள் கிடைத்துவிடும். ஒகர, ஓகார, ஔகாரக் குறி உள்ள பெயர்கள் மட்டும் காணாமல் போகும். காணாமல் போன பாட்டுகளில் இப்படியொரு ஒழுங்கு தெரிந்தால் காரணம் இதுதான். லினக்ஸில் ‘கான்வ்எம்வி’ என்ற கருவி மொத்த ஃபோல்டரையும் ஒரே வடிவத்துக்கு மாற்றித் தரும். விண்டோஸில், குறைவாக இருந்தால் அந்தப் பெயர்களைக் கையாலேயே மறுபடி தட்டச்சு செய்துவிடலாம்.

மேகத்தில் இருக்கிறதே, எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கலாம். ஆப்பிள் மியூசிக் சந்தாவில் இறக்கிய பாட்டுகள் பூட்டுப் போட்டவை. சந்தா நின்றால் ஒலிக்காது, காப்பி எடுத்தும் பயனில்லை. நாம் சேர்த்த பாட்டுகளைப் பொறுத்தவரை, ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. ஒரு கருவியில் தவறுதலாக நீக்கியதை எல்லாக் கருவிகளிலும் நீக்குவதுதான் ஒத்திசைவின் வேலை.

விலை கொடுத்து வாங்கிய பாட்டுகளில் ஒரு பிரிவுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். ஐட்யூன்ஸ் கடை இந்தியாவில் திறந்தது 2012 டிசம்பரில். அதற்குள் பாட்டுகளின் பூட்டை ஆப்பிள் எடுத்துவிட்டிருந்தது. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருந்து 2009-க்கு முன் வாங்கியவர்களிடம் ‘எம்4பி’ என்ற வாலோடு பூட்டிய கோப்புகள் இருக்கலாம். அவை அனுமதி பெற்ற கணினியில்தான் ஒலிக்கும், ஒரு கணக்குக்கு ஐந்து கணினிகள்தான். பழைய கணினியை விற்பதற்கோ அழிப்பதற்கோ முன், ‘அக்கவுன்ட்’ மெனுவில் ‘ஆதரைசேஷன்ஸ்’ பகுதிக்குப் போய் அந்தக் கணினியின் அனுமதியை ரத்து செய்துவிடுங்கள். மறந்துபோய் ஐந்தும் நிரம்பிவிட்டால், எல்லாவற்றையும் ஒரேயடியாக ரத்து செய்யலாம். ஆனால் அதை ஆண்டுக்கு ஒருமுறைதான் விடுவார்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்த பிரதியை, புதிய கணினியில் ஒரு மாதமாவது பாட்டுக் கேட்டுப் பார்த்த பிறகே அழியுங்கள். முடிந்தால் அப்போதும் அழிக்க வேண்டாம்.