கிணற்றடிக்குப் போகும் வழி

நம் வீடுகளிலே முதியவர் ஒருவர் விழுந்தால் அச்செய்தி உடனே வெளிவருவதில்லை. கையிலே கன்றிய நீலத்தைக் கண்டு பேரப்பிள்ளை கேட்டால், "ஒன்றுமில்லை மோனை, கதவு தட்டுப்பட்டது" என்று பதில் வரும். யாழ்ப்பாணத்தில் எமக்கு நெருங்கிய வீடொன்றிலும் அவ்வாறே நடந்தது. எண்பதை எட்டிய அப்பாச்சி, மார்கழி விடியற்காலையொன்றில் கிணற்றடிப் பாசியிலே சறுக்கி விழுந்தார், ஒருவருக்கும் சொல்லவில்லை. இரண்டாம் முறை விழுந்தபோது இடுப்பெலும்பு முறிந்தது. "முதலே ஏனம்மா சொல்லேல்லை?" என்று மகன் கேட்டார். "சொன்னால் கிணற்றடிக்குப் போக விடமாட்டியள்" என்பதே அவருடைய மறுமொழி.

அம்மறுமொழியைப் பலநாள் எண்ணிப் பார்த்தோம். அவர் அஞ்சியது நியாயமே. விழுந்த செய்தி காதில் விழுந்ததும் நாம் செய்வது என்ன? "நீங்கள் இருங்கோ, நாங்கள் செய்கிறம்" என்று ஒரு கதிரையிலே இருத்திவிடுகிறோம். அன்பினாலேதான் செய்கிறோம். ஆயினும் நடவாத கால்களிலே தசை விரைவில் மெலிகிறது; மெலிந்த கால் மீண்டும் இடறுகிறது. ஆளைக் கட்டிப்போடுவதைவிட, அவர் நடக்கும் வழியைத் திருத்துவதே தக்கது என்பது எமது துணிபு.

இது சிறிய காரியமன்று. வீழ்ச்சியினால் உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் இறக்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுள் பெரும்பான்மையோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். நம் நாட்டிலோ, 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேல் அவ்வயதினராக இருந்தனர்.

நம்முடைய பழைய வீடுகளை நோக்குங்கள். கிணறும் மலசலகூடமும் வளவின் கோடியிலே. இடையில் உயர்ந்த நிலைப்படி, விறாந்தைப் படி, முற்றத்துக் கல், பலாமர வேர். இளமையிலே கண்ணை மூடிக்கொண்டு தாண்டியவற்றையெல்லாம் முதுமையிலே கால் மறந்துவிடுகிறது; வயது ஏற ஏறப் பாதம் தரையிலிருந்து உயர்வதும் குறைகிறது. புதிய வீடுகள் இதனினும் நல்லவை என்று சொல்லத் துணியோம். முகம் பார்க்கும்படி மினுங்கும் தரையோடு பதித்துவிட்டு, அதன்மேல் நீரையும் சவர்க்காரத்தையும் ஊற்றி, அங்கே பெற்றோரைக் குளிக்கச் சொல்கிறோம்! குளியலறைக்குச் சொரசொரப்பான ஓடே ஏற்றது.

இரவு நேரமே பெரிதும் கவனிக்கவேண்டியது. முதியவர் இரண்டு மூன்று முறை எழும்புவார். படுத்திருந்தவர் திடீரென எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். அழுத்தத்துக்கும் நித்திரைக்கும் குளிசை எடுப்பவர்களுக்கு இது மேலும் எளிதில் நேரும். கட்டிலின் விளிம்பிலே சற்று நேரம் இருந்து, காலை அசைத்துவிட்டு எழும்பப் பழக்குங்கள். மின்விளக்கின் ஆளி கட்டிலிலிருந்தே கைக்கு எட்டவேண்டும். வயது செல்லக் கண்ணின் பாவை சுருங்கி உட்புகும் ஒளி குறைவதால், பிள்ளைகளுக்குப் போதுமான வெளிச்சம் பாட்டனாருக்குப் போதாது. மின்சாரக் கட்டணத்தைச் சிக்கனம் பிடிக்கும் இடம் இதுவன்று.

மலசலகூடத்திலே பிடிகம்பி வைப்போர் துவாய் தொங்கவிடும் கம்பியையே போதுமென்று எண்ணுகின்றனர். அது ஆளின் பாரத்தைத் தாங்காது. பிடுங்கிக்கொண்டு வந்து ஆளையும் வீழ்த்தும். சுவரிலே ஆழமாக ஆணி முறுக்கிய கம்பியே வேண்டும். எந்த உயரத்தில் என்பதை மேசனிடம் கேளாதீர்கள். அம்மாவை இருந்து எழும்பச் சொல்லுங்கள். அவர் கை தானாக எங்கே சுவரைத் தேடுகிறதோ அங்கே சுண்ணாம்பால் அடையாளமிடுங்கள். கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும். உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொண்டால் உதவிக்கு ஓடி வருபவர் எவ்வாறு உள்ளே புகுவார்?

வாசலிலே மடிந்து கிடக்கும் கால்மிதிச் சாக்கு, தேய்ந்த செருப்பு, நிலத்தில் இழுபடும் சாரம் ஆகியவற்றை ஒரே பிற்பகலில் சரிசெய்துவிடலாம். அலுமாரியையும் கதிரையையும் மாத்திரம் அவரைக் கேளாமல் இடம் மாற்றாதீர்கள். இருட்டிலே அவர் நடப்பது நினைவின் துணையால்.

விழுந்தவரைப் பதறி இழுத்துத் தூக்கவும் வேண்டாம். இடுப்பிலே கடும் நோ இருந்தாலும், தலை அடிபட்டிருந்தாலும், அசைக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அந்த இலவச நோயாளர் வண்டிச் சேவை பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. இரத்தம் உறையாதிருக்கக் குளிசை எடுப்பவராயின், தலையில் பட்டது சிறு அடியானாலும் வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும்.

அப்பாச்சி பல மாதங்களின் பின் நடக்கத் தொடங்கினார். அதற்குள் மகன் பாசியைச் சுரண்டி, பின்கதவிலிருந்து கிணற்றடி வரை சொரசொரப்பான சீமெந்துப் பாதை போட்டு, அதன் ஓரமாக இரும்புக் குழாயொன்றைக் கைபிடியாக நாட்டிவிட்டார். குனியாமல் அள்ளுவதற்கு இடுப்பளவு உயரத்திலே ஒரு தொட்டியும் கட்டினார். அப்பாச்சி இப்போது விடிந்து வெளிச்சம் வந்த பின்பே போகிறார். ஒரு குறைதான். அந்தக் குழாயிலே அவர் சேலை காயப்போடுகிறார். கிணற்றடிப் பக்கத்துப் பாதியையாவது வெறுமையாக விடும்படி மகன் கேட்டுக்கொண்டிருக்கிறார், இன்னும் முடிவாகவில்லை.