அஸ்தமனத்திற்குப் பின் சூரிய சக்தி

பகலில் தகிக்கும் சூரியன் இரவில் விளக்கேற்றுவதற்கும் உதவுமா என்ற கேள்வி நமது தேசத்தில் இன்னும் விவாதத்திலேயே இருந்து வருகிறது. ராஜஸ்தானத்தில், அபு ரோடு என்ற ஊரில், இக்கேள்விக்குக் காரியத்திலேயே பதில் அளிக்கப்பட்டு வருஷங்கள் பல ஆகிவிட்டன. நமது அதிகாரிகள் அதை ஓர் ஆசிரமத்தின் விநோதமாகக் கருதி விட்டார்கள் போலும்.

அங்கே பிரம்ம குமாரிகள் ஸ்தாபனத்தாரின் சாந்திவனத்தில் ஒரே சமயத்தில் இருபதினாயிரம் பேருக்கு மேல் தங்குவதற்கான கட்டிடங்கள் இருக்கின்றன. இத்தனை பேருக்கும் சமையல், சலவை, தண்ணீர், விளக்கு யாவும் குறைவின்றி நடந்தாக வேண்டும். இந்திய சர்க்காரும் ஜெர்மன் சர்க்காரும் பொருளுதவி செய்ய, ‘இந்தியா ஒன்’ என்ற ஒரு மெகாவாட் சூரிய உஷ்ண மின்நிலையம் 2017-ல் அங்கு நிறுவப்பெற்றது. ஒவ்வொன்றும் 60 சதுர மீட்டர் பரப்புள்ள 770 கண்ணாடித் தட்டங்கள் சூரியனைத் தொடர்ந்து திரும்புகின்றன. ஷெஃப்லர் என்ற விஞ்ஞானி வகுத்த முறைப்படி, தட்டம் திரும்பினும் ஒளி குவியும் இடம் மாறுவதில்லை. ஆகவே அவ்விடத்தில் கனத்த வார்ப்பிரும்பை அசையாமல் நிறுத்திவிட முடிகிறது. பகலெல்லாம் காய்ந்த அவ்விரும்பு, அந்தியான பிறகும் குழாயிற் பாயும் தண்ணீரை நீராவியாக்கி டர்பைனை ஓட்டுகிறது. பதினாறு மணி நேரத்திற்குப் போதுமான உஷ்ணத்தைச் சேமிப்பதே திட்டம். இரும்பு, கண்ணாடி, தண்ணீர்: நமது பட்டறைக்காரர்களுக்குப் புதிதான சாமான் இவற்றில் எது?

ஸ்பெயின் தேசத்தில் உருகிய உப்பில் உஷ்ணத்தைச் சேமிக்கும் கெமாசோலார் நிலையம் 2011-ல் ஏற்பட்டது. அங்கும் சேமிப்பு பதினைந்து மணி நேரம். அமெரிக்காவின் நெவாடாவில் அதே முறையில் கட்டிய பெரிய நிலையமோ, 2016-ல் உப்புத் தொட்டி கசிந்து மாதக்கணக்கில் நின்றது. அதன் கம்பெனி 2020-ல் திவாலாயிற்று. இத்துறையில் சங்கடமே இல்லையென்று நாம் சொல்லவில்லை.

ஆனால் நமது நாட்டில் நேர்ந்த சங்கடம் வேறு வகையானது. தேசிய சூரிய சக்தித் திட்டத்தின் கீழ் 2010-ல் ஏழு உஷ்ண நிலையங்களுக்கு 470 மெகாவாட் ஏலத்தில் ஒதுக்கப்பட்டது. மூன்றே முடிவடைந்தன. வெயிலின் அளவைப் பற்றிய கணக்குகள் நம்பத் தக்கவையாக இல்லை. வேண்டிய எண்ணெயும் அந்நிய நாட்டிலிருந்து காலத்தில் வந்து சேரவில்லை. இவற்றைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. உஷ்ணத்தைச் சேமித்தே தீர வேண்டுமென்ற நிபந்தனை விதிக்கப்படவில்லை! மத்தியானத்து யூனிட்டும் இரவு எட்டு மணி யூனிட்டும் ஒரே விலைக்கு வாங்கப்படுமானால், சேமிப்புக்காக எந்த முதலாளி பணம் போடுவான்? பிறகு ஒளி மின்பலகைகள் மலிந்தன. உஷ்ண நிலையங்கள் மறக்கப்பட்டன.

மின்பலகையும் மின்கலமும் மலிவாயிருக்க இந்த இரும்புத் தொல்லை எதற்கு என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபணையில் பாதி நியாயம் உண்டு. விளக்குக்கும் விசிறிக்கும் மின்பலகையே மலிவு. சிறிய டர்பைனில் உஷ்ணத்தின் பெரும் பகுதி மின்சாரமாகாமலே கழிந்து போகிறது. ஆயினும் பெரிய கட்டிடங்களின் தேவை விளக்கு மாத்திரமா? ஆஸ்பத்திரியின் சலவைக்கும் சுத்திகரிப்புக்கும், விடுதியின் சமையலுக்கும், உஷ்ணத்தால் இயங்கும் குளிர்சாதன யந்திரத்திற்கும் வேண்டியது நீராவியும் வெந்நீருமே. அவ்வுஷ்ணத்தை மின்சாரமாக்கி மறுபடியும் உஷ்ணமாக்குவது வீண் சுற்று. திருமலையில் 2002-ல் 106 தட்டங்களைக் கொண்டு பதினையாயிரம் பேருக்குச் சமைக்க ஏற்பாடாயிற்று. ஷீரடியிலும் 2009-ல் அவ்வாறே. மின்கலங்களுக்கோ நாம் பெரும்பாலும் சீனாவையே நம்பியிருக்கிறோம். அந்த வாசல் அடைபட்டால் நமது ஆஸ்பத்திரிகளின் இரவு என்னவாகும் என்பதை அதிகாரிகள் யோசித்தார்களா?

ஐந்நூறு படுக்கைகளுக்கு மேற்பட்ட ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியும் மாதந்தோறும் நீராவிக்காக எரிக்கும் எண்ணெய் எவ்வளவு, அதன் செலவு எவ்வளவு என்ற கணக்கை மாகாண சர்க்கார்கள் முதலில் வெளியிடட்டும். மத்திய சர்க்கார், அபு ரோடு நிலையத்தின் வருஷவாரி உற்பத்தியையும் பழுது பார்த்த செலவையும் ஒளிவு மறைவின்றிப் பிரசுரிக்க வேண்டும். தங்கள் பொருளுதவியால் எழுந்த நிலையத்தின் கணக்கைக் கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டு. இனி நடக்கும் ஏலங்களில் அந்திக்குப் பிந்திய யூனிட்டுக்குத் தனி விலை குறிக்கப்படட்டும். உஷ்ணத்தைச் சேமிப்போரும் மின்கலக்காரர்களோடு சரிசமமாகப் போட்டியிடட்டும்.