பொட்டலத்தைப் பார்த்துச் சிரித்த சிறுமி

பாமாவின் ‘கருக்கு’ பாடமாக உள்ள கல்லூரிப் பிள்ளைகள் தேர்வுக்கு முன் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “அக்கா, இதுல என்னென்ன உத்தி இருக்கு?” குறியீடு, பின்னோக்கு, வட்டார வழக்கு, எள்ளல் என்று நாலு பெயரைச் சொன்னால் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். பத்து மதிப்பெண் வந்துவிடும். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மதிப்பெண் நம் பிள்ளைகளுக்குச் சோறு. ஆனால் அந்தப் பட்டியலோடு புத்தகத்தை மூடிவைப்பதுதான் பொறுக்கவில்லை.

1992-ல் ‘கருக்கு’ வெளிவந்தது நம் மதுரையிலிருந்துதான். ஐடியாஸ் மையம் வெளியிட்டது. வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்த பாமா, கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்த பிறகு எழுதியது. அது தன்வரலாறா, நாவலா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்கு அது சேரிப் பிள்ளை ஒருத்தி வளர்ந்து ஆளாகும் கதை. அது போதும்.

மூன்றாம் வகுப்புச் சிறுமி பள்ளி விட்டு, கடைத்தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். அவள் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி நடந்துபோய், நாயக்கரிடம் குனிந்து நீட்டுகிறார். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நாம் தொட்டால் தீட்டு என்று நினைக்கிறார்கள், அதனால்தான் அப்படி என்கிறான்.

உத்தி இங்கே இருக்கிறது. எழுதும் பாமாவுக்கு எல்லாம் தெரியும். ஆனால் தெரிந்ததை முதலிலேயே சொல்லவில்லை. சிறுமியின் கண் எவ்வளவு பார்த்ததோ அவ்வளவுதான் காட்டுகிறார். வாசகரும் சிறுமியோடு சேர்ந்து சிரித்துவிடுகிறார். அதன் பிறகுதான் அண்ணன் வாயைத் திறக்கிறான். தீண்டாமையை முதல் வரியிலேயே விளக்கியிருந்தால் அது கட்டுரை. நாமும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கம் போயிருப்போம்.

ஒரு மாணவியர் விடுதியில் இந்த இடத்தை வாசித்துக் காட்டினேன். முன்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருத்தி சிரிக்கவில்லை. “எங்க தாத்தா இன்னமும் துண்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் அந்தத் தெருவத் தாண்டுறாரு” என்றாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது, மொழி. அதற்கு முன்பும் நாவல்களில் சேரி மக்கள் பேச்சு வழக்கில் பேசினார்கள். ஆனால் மேற்கோள் குறிக்குள் மட்டும். குறிக்கு வெளியே ஆசிரியர் திருத்தமான தமிழில் கதையை நடத்திக்கொண்டு போவார். ‘கருக்கு’வில் கதை சொல்பவளே சேரி மொழியில் சொல்கிறாள். இதை ‘வட்டார வழக்கு’ என்று ஒரு வார்த்தையில் கடந்துவிடுவது அநியாயம். கதை சொல்லும் நாற்காலியில் யார் உட்காருவது என்ற கேள்வி அது.

தலைப்புக்கு வருகிறேன். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பனை மட்டை தெரியாத பிள்ளை கிடையாது. ரம்பப் பல் மாதிரி இரண்டு ஓரமும் அறுக்கும். உள்ளுறை உவமத்துக்கு, தெய்வம் தவிர்த்த கருப்பொருளே இடம் என்கிறார் தொல்காப்பியர். பனை நம் காட்டின் கருப்பொருள். விறகுக்கு மட்டை பொறுக்கி, கருக்கில் கை கிழித்துக்கொண்டவள்தான் அதைத் தலைப்பாக வைத்தாள். அதனால் ‘சாதிக் கொடுமையின் குறியீடு’ என்று எழுதும்போது, கிழிந்த கையையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு பக்கமும் அறுக்கும் என்றால், அறுக்கிறவனையும் திருப்பி அறுக்கும் என்றும் பொருள்.

இன்னொரு புத்தகத்தையும் கூட வைத்துப் படிக்க வேண்டும். பாமாவின் உடன்பிறந்த அண்ணன் ராஜ் கௌதமன் 2002-ல் எழுதிய ‘சிலுவைராஜ் சரித்திரம்’. அதே ஊர்க் காற்று, வேறு உத்தி. தன் கதையையே ‘நான்’ என்று சொல்லாமல், சிலுவை என்றொரு பையனாகத் தள்ளி நிறுத்தி, அவனைக் கேலி செய்துகொண்டே போகிறார். வளரிளம் பருவ நாவல் என்று மேல்நாட்டில் பேர்பெற்றவற்றில் பிள்ளை ஊர் ஊராக அலைந்து கடைசியில் உலகத்தில் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். இங்கே இடம் பிறப்பதற்கு முன்பே குறிக்கப்பட்டுவிட்டது. ‘கருக்கு’வின் அண்ணன் தங்கையிடம், படித்தால் இந்த அவமானத்தைத் தூக்கி எறியலாம் என்கிறான். சிலுவைராஜ் படித்து முடித்துவிட்டு வேலைக்கு அலைகிறான். ஒன்றை மட்டும் படித்தால் நம்பிக்கையோ விரக்தியோ மட்டும்தான் மிஞ்சும். இரண்டும் நமக்கு வேண்டும்.

அந்த விடுதிப் பெண்ணிடம் தாத்தாவின் துண்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தேன். போன வாரம் போனில் கேட்டாள்: “நல்ல தமிழ்ல எழுதணுமாக்கா, இல்ல எங்க வீட்ல பேசுற மாதிரி எழுதலாமா?”