குதிரைக்குப் பூங்கா உண்டு, கிணற்றுக்கு?

நெடுந்தீவைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் குதிரையில் ஏறியே தீவுக்குள் நுழைகின்றனர். போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட்ட குதிரைகள், ஒல்லாந்தர் பெருக்கிய குதிரைகள், ஆங்கிலேய அதிகாரி நோலன் வளர்த்த குதிரைகள், இன்று தென்புறப் புல்வெளியில் உரிமையாளர் இன்றித் திரியும் குதிரைகள். அதன் பின் இடிந்த கோட்டை, புறாக்கூடு, பெருக்கு மரம் ஆகியவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு மாலைப் படகில் திரும்பிவிடலாம். இந்தச் சுற்றுலாவை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால், ஒரு தீவின் மரபு என்று நாம் எண்ணுவதெல்லாம் அந்நியர் விட்டுச் சென்ற பொருட்களாகவே இருப்பது ஏன் என்ற கேள்வி நெடுநாளாக என்னை அரிக்கிறது.

பெயரையே பாருங்கள். ஒல்லாந்தர் தம் நாட்டு ஊர்ப்பெயர்களை எமது தீவுகளுக்குச் சூட்டி மகிழ்ந்தனர். காரைநகர் அம்ஸ்ரடாம் ஆயிற்று, வேலணைத் தீவு லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். இவையாவும் காற்றோடு போயின. டெல்ப்ட் மட்டும் அரச கோப்புகளிலும் பயணக் கையேடுகளிலும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கடலோடிய மீகாமனையும் அவனை எதிர்த்துப் போரிட்ட வெடியரசனையும் பாடுகிற ஈழத்துக் கண்ணகி கதை மரபில் இத்தீவுக் கடல்களுக்கு ஓர் இடம் உண்டு. வெடியரசன் கோட்டை என ஊரார் இன்றும் காட்டும் இடம் நெடுந்தீவிலேயே இருக்கிறது. அதைத் தேடிப் போகும் பயணிகள் எத்தனை பேர்?

என் கருத்தில் நெடுந்தீவின் முதன்மையான மரபுச் செல்வம் தண்ணீர்தான். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள சுண்ணக்கல் தட்டை நிலம். மலையில்லை, ஆறில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக் காலத்தில் பெய்யும் மழையே ஆண்டு முழுவதற்குமான கொடை. அந்த மழைநீர் சுண்ணக்கல்லின் துவாரங்கள் ஊடாக இறங்கி, தரைக்கடியில் ஊறி நிற்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. உப்புநீர் கனதியானது, நன்னீர் இலேசானது, அவ்வளவுதான் சூத்திரம். கோட்பாட்டளவில், கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பர் நீரியலாளர். இதன் மறுபக்கம்தான் அச்சமூட்டுவது. மேலே சிறிதளவு இறங்கினாலும் கீழிருந்து உப்பு அதன் பன்மடங்கு எழும்பி வரும். அப்படி உவரான கிணறு நல்ல கிணறாகத் திரும்புவதற்குப் பல மாரிகள் தேவைப்படும்.

இதை நூலில் படிக்காமலே அறிந்திருந்த சமூகம் அது. பல ஆண்டுகளுக்கு முன் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தபோது, கிணற்றடியில் நின்ற மூதாட்டி ஒருவரிடம், இவ்வளவு சிரமப்பட்டு அள்ளுகிறீர்களே, ஒரு நீரிறைக்கும் இயந்திரம் பூட்டினால் என்ன என்று கேட்டேன். "தம்பி, வாளியாலை அள்ளினால் கிணறு தரும். மெசினாலை உறிஞ்சினால் கடல்தான் வரும்" என்றார். குடிப்பதற்கு ஒரு கிணறு, குளிக்கவும் மாட்டுக்கும் வேறொன்று என்ற ஒழுங்கும், காலையில் அள்ளிய கிணற்றை ஊற விட்டு மாலையில் மீண்டும் அள்ளும் பழக்கமும் அவர் பேச்சில் இயல்பாக வந்தன. கட்டுப்பாடு என்று அவர் அதைச் சொல்லவில்லை. கிணற்றின் குணம் என்றார்.

தன்னிறைவு என்ற சொல்லை நாம் எளிதாகக் கையாள்கிறோம். எல்லாம் விளைந்தது, எவரிடமும் கையேந்தவில்லை என்ற பழம்பெருமைப் பேச்சாகவே அது முடிந்துவிடுகிறது. நெடுந்தீவில் எல்லாம் விளையவில்லை. விளைந்த சிலவற்றை வீணாக்காத அறிவே அங்கு இருந்தது. முருகைக்கல் வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். குடாநாட்டில் கிளுவையும் பூவரசும் நட்டுப் பனையோலையால் வேலி அடைப்போம். நெடுந்தீவின் மெல்லிய மண்ணில் கதியால் எளிதில் வேர்கொள்ளாது. நிலத்தைப் பண்படுத்தும்போது கிளம்பும் கல்லையே சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார்கள். கல்லகற்றும் வேலையும் வேலி அடைக்கும் வேலையும் ஒன்றாகவே முடிந்தன. இடைவெளிகளூடாகக் காற்று புகுந்து போவதால் சோளகக் காற்றுக்கும் அது நின்று பிடிக்கிறது. சரிந்தால் வீட்டுக்காரரே எடுத்து அடுக்கிவிடலாம். மேசன் தேவையில்லை, சீமெந்து தேவையில்லை. அவிழ்த்துவிட்ட மாடுகள் பொது நிலத்தில் மேய, வளவுக்குள் கத்தரியும் மிளகாயும் தப்பிப் பிழைத்தன.

பனையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கட்டுரை நீண்டுவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். நொங்கும் கள்ளும் பருவத்தோடு போய்விடும். ஒடியல் அப்படியல்ல. ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழத்தின் விதைகளைப் பொறுக்கிப் பாத்தியில் அடுக்கி, மாரி மழையில் கிழங்கு விட வைத்து, தை மாசியில் கிண்டி எடுத்து, கிழித்து வெயிலில் காய வைத்தால் அடுத்த ஆண்டு வரை கெடாது. அவித்துக் காய வைத்தது புழுக்கொடியல். பச்சையாகக் காய்ந்த ஒடியலில் கசப்பும் சிறு நச்சுத்தன்மையும் உண்டு. மாவை நீரில் ஊறவைத்து அந்த நீரை வடித்துக் கழித்த பின்னரே பிட்டுக்கும் கூழுக்கும் எடுக்க வேண்டும். இந்த ஒரு படியைத் தவறவிட்டால் உணவே நோயாகும். மரம் அங்கே நிற்கும். செய்முறை மறந்த தலைமுறைக்கு அந்த மரம் சோறு போடாது.

ஆனால் ஒன்றை இங்கே வற்புறுத்த விரும்புகிறேன், குறிப்பாகப் புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு. தன்னிறைவு என்பது தனித்திருத்தல் அல்ல. இத்தீவு என்றைக்கும் கடலால் வாழ்ந்தது. நெய்யும் ஒடியலும் கருவாடும் வெளியே போயின. அரிசியும் துணியும் உள்ளே வந்தன. படகு ஓடும்வரைதான் தன்னிறைவுக்குப் பொருள் இருந்தது. 1985 மே 15இல் குமுதினிப் படகில் சென்ற மக்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியோர் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினர். அந்த நாளுக்குப் பின் கடல் அவர்களுக்குப் பழைய கடலாக இல்லை. 1990இல் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இறங்கியபோது நாமும் தன்னிறைவு அடைந்தோம் அல்லவா! ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தோம். பனம்பழக் களியில் துணி துவைத்தோம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். அந்தக் கெட்டித்தனத்தை இன்று கதையாகச் சொல்லிச் சிரிக்கிறோம். முற்றுகையில் பிறந்த சிக்கனத்துக்குத் தன்னிறைவு என்று பெயரிட எனக்கு மனம் வரவில்லை. விரும்பினால் கடந்து போகவும் திரும்பி வரவும் முடிகிறவனுடைய எளிமைதான் வாழ்க்கைமுறை. மற்றது தண்டனை.

போரும் பஞ்சமும் துரத்தியவர்கள் போக, இன்று தீவில் எஞ்சியிருப்போர் ஏறத்தாழ நாலாயிரம் பேர். கடுமையான நோயென்றால் அவர்கள் கடலைக் கடந்தாக வேண்டும். ஒரு மணித்தியாலப் படகுப் பயணம், பின்னர் குறிகட்டுவானிலிருந்து யாழ்ப்பாணம் வரை தரைவழி. இந்தக் குறையைத் தீர்க்காமல் "பழைமையைக் காப்பாற்றுங்கள்" என்று தீவாரிடம் சொல்ல எவருக்கும் அருகதை இல்லை. தமிழ்நாட்டு வாசகருக்கோ நெடுந்தீவு என்றால் 'நெடுந்தீவு அருகே மீனவர் கைது' என்ற செய்தித் தலைப்புதான். அந்தக் கைதுகளின் துயரம் உண்மையானது. 2017இல் இலங்கை தடைசெய்த இழுவைமடி தீவின் கடலடியை வாரிச் செல்வதும் அதேயளவு உண்மையானது. சிறு வலைகளோடு கரையோரம் தொழில் செய்பவன் எங்கே போவான்?

இனி மின்சாரத்துக்கு வருவோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு அண்மையிலா என இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு இறுதியில் சீனத் தரப்பு பணியை நிறுத்தியது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையில் அதே திட்டத்துக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் டொலர். 2024 மார்ச்சில் ஓர் இந்திய நிறுவனத்துடன் நிர்மாண ஒப்பந்தம். மூன்று ஆண்டுகள் கொழும்பிலும் டில்லியிலும் பெய்ஜிங்கிலும் இத்தீவுகளின் பெயர்கள் உச்சரிக்கப்பட்டன. எங்கள் பத்திரிகைகளும் பக்கம் பக்கமாக எழுதின. அந்தப் பக்கங்களில் பூகோள அரசியல் நிறைய இருந்தது; கிணறு இல்லை.

மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டீசல் புகையை விடத் தீவின் சொந்த வெயிலும் காற்றும் எவ்வளவோ மேல். ஆனால் தடையில்லா மின்சாரம் வந்தால் ஒவ்வொரு வளவிலும் நீரிறைக்கும் மோட்டார் வரும். விடுதிகள் வரும், விடுதிக்குக் குளியலறைகள் வரும். அந்த மூதாட்டி சொன்ன கடல் அன்று குழாய் வழியே வரும். மின்திட்டத்துக்கு வகுக்கப்படும் நிபந்தனைகளுள் இறைக்கும் அளவுக்கும் ஓர் எல்லை வகுக்கப்பட்டதா? குதிரைகளின் புல்வெளியை 2015இல் தேசிய பூங்காவாக்கியது அரசு, நல்லது. கோட்டைக்குத் தொல்லியல் திணைக்களம் பொறுப்பு. நன்னீர்க் கிணறுகள் தீவாரின் வாய்வழக்கத்தை நம்பியே கிடக்கின்றன, அந்த வாய்களோ ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன.

செய்ய வேண்டியது பெரிய காரியமுமில்லை. நீரின் உவர்த்தன்மையை அளக்கும் சிறு கருவி சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். தீவின் பாடசாலைகளில் உயர்வகுப்புப் பிள்ளைகள் மாதமொரு முறை தத்தம் அயலிலுள்ள கிணறுகளை அளந்து ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தால், ஐந்து ஆண்டில் எந்தக் கிணறு தளர்கிறது, எங்கே மோட்டார் கூடாது என்று பிரதேச சபை ஆதாரத்தோடு சொல்ல முடியும். கனடாவிலும் இலண்டனிலும் ஊர்ச் சங்கம் நடத்துவோர் ஆண்டு விழா மலருக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும். இம்முறை மாரி தொடங்குமுன் ஆரம்பித்தால், தை மாதக் கிணற்று மட்டமும் முதலாவது கணக்கில் சேர்ந்துவிடும்.