பாசி தீர்ந்த பிறகு?

வீவக வீட்டின் வரவேற்பறையில் சிறிய கடல்மீன் தொட்டி வைப்பது சிலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. பவளங்களுக்கு இடையே மீன்கள் நீந்துவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால், சில வாரங்களில் கண்ணாடியிலும் பாறையிலும் பாசி படரத் தொடங்கும். உடனே, "பாசி தின்னும் மீன் ஒன்றை வாங்கிவிட்டால் போதும்" என்று கடைக்குக் கிளம்பிவிடுவோரும் உண்டு. இந்த அவசரம் தவறு என்பதே என் கருத்து. மீனை வாங்குவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். அது எவ்வளவு பெரிதாக வளரும்? பாசி தீர்ந்த பிறகு எதைத் தின்னும்?

முதல் கேள்விக்குச் சர்ஜன் மீனே நல்ல எடுத்துக்காட்டு. இவ்வினத்தில் பல மீன்கள் பாசியை மேய்பவை. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படத்தின் டோரியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. கடையில் விரலளவே இருக்கும் இந்த நீல மீன், ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளம் வரை வளரக்கூடியது. சிறிய தொட்டியின் அகலமே 30 சென்டிமீட்டர்தான். அதில் இந்த மீன் திரும்புவதற்குக்கூட இடமிருக்காது.

இரண்டாம் கேள்விக்கு விடை தருவது 'புல்வெட்டி பிளென்னி' என்னும் மீன். பாறையில் படிந்த பாசியை இது நாள் முழுவதும் சுரண்டித் தின்னும். சிறிய தொட்டியிலோ பாசி விரைவில் தீர்ந்துவிடும். நாம் தூவும் உணவை இம்மீன்களுள் சில தொடுவதே இல்லை. தொட்டி பளிச்சென்று இருக்கும். மீனோ வயிறு ஒட்டி மெலிந்துகொண்டே போகும். நம் வீட்டைத் தூய்மைப்படுத்திய உயிரைப் பட்டினி போடுவது நியாயமா?

"மீன் வளர்ந்தபின் பெரிய தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம், பாசி தீர்ந்தால் உலர்ந்த கடற்பாசித் தாளைக் கொடுக்கலாம்" என்று சிலர் வாதிடலாம். அந்தப் பெரிய தொட்டி ஏற்கெனவே இருந்தால் சரி. கடையிலேயே அந்த மீன் அத்தாளைத் தின்பதைக் கண்ணால் பார்த்திருந்தாலும் சரி. வெறும் நம்பிக்கையில் ஓர் உயிரை வாங்கி வரக்கூடாது. வளர்க்க முடியாத மீனைக் கடலில் விடுவதும் தீர்வாகாது.

உண்மையில், பாசி பெருகுவதற்குக் காரணம் பெரும்பாலும் நாமே. மீன்கள் தின்னாமல் விட்ட உணவும் அவற்றின் கழிவும் நீரில் நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய சத்துகளைக் கூட்டுகின்றன. விளக்கு நெடுநேரம் எரிந்தால் பாசிக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறில்லை. எனவே, உணவைக் குறைத்துப் போடுவதும், விளக்கு எரியும் நேரத்தைக் குறைப்பதும், நீரில் ஒரு பகுதியை வாரந்தோறும் மாற்றுவதும் முதல் வேலையாக இருக்க வேண்டும். அடுத்ததாக, பாசி தின்னும் கடல் நத்தைகள் சிலவற்றை விடலாம்.

அதற்குப் பிறகும் மீன் வேண்டும் என்றால், 'வால்புள்ளி பிளென்னி' பொருத்தமானது. அது ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் மட்டுமே வளரும். ஒன்று போதும். அது துள்ளிக் குதிக்கும் என்பதால் தொட்டிக்கு மூடி அவசியம்.

மீன் நம் தொட்டியைத் துடைக்கும் கருவியன்று. அதற்கும் பசி உண்டு, இடமும் வேண்டும். அவ்விரண்டையும் கொடுக்க முடிந்தால் மட்டுமே அதை வீட்டிற்கு அழைத்து வருவோம்.