இரண்டு படிப்பு, ஒரே நோயாளி!

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் ஒரு மூதாட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது 70. இருதய நோய். ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். ஒருநாள் முழங்கால் வலி. கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறார்.

இரண்டுமே நல்ல மருந்துகள்தான். ஆனால், ஒன்று சேர்ந்தால் ஆபத்து! வயிற்றில் ரத்தக் கசிவு ஏற்படலாம். உயிருக்கே உலை வைக்கலாம்.

இதைத் தடுப்பது யார்? நோயை அறிந்தவர் டாக்டர். மருந்தின் குணத்தை அறிந்தவர் மருந்தாளுநர். இருவரும் கலந்து பேசினால் ஆபத்து விலகும்.

பிரிந்த கதை

சென்னை மருத்துவக் கல்லூரி, 1835-ல் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கியது. 1860-ல் அங்கேயே மருந்துப் படிப்பும் வந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு படிப்பு!

பிற்காலத்தில் மருந்துக் கல்லூரிகள் தனித்தனியே பெருகின. மருந்து தயாரிக்கும் தொழிற்சாலைகளையே அவை பெரிதும் நோக்கின. நோயாளியின் கட்டில் தூரமாகிவிட்டது.

ஊட்டியில் புது வழி

1990-களின் பின்பகுதியில் ஊட்டி ஜே.எஸ்.எஸ். மருந்துக் கல்லூரி மாணவர்கள், அங்குள்ள அரசு தலைமை ஆஸ்பத்திரி வார்டுகளில் பயிற்சி பெறலானார்கள்.

2008-ல் நாட்டில் 'பார்ம்.டி.' படிப்பு வந்தது. மொத்தம் 6 ஆண்டுகள். கடைசி ஓராண்டு முழுவதும் ஆஸ்பத்திரிப் பயிற்சி. அதில் 6 மாதம் பொது மருத்துவப் பிரிவில்.

சேர்ந்து படித்தால் என்ன?

ஒரே வார்டில் நிற்பது வேறு. சேர்ந்து படிப்பது வேறு. வெவ்வேறு மருத்துவத் தொழில் பயில்பவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-ல் வலியுறுத்தியது. ஸ்வீடன் நாட்டின் லின்ஷோப்பிங் நகரில் 1996-லேயே பல துறை மாணவர்கள் கூடிப் பயில தனி வார்டு திறந்தார்கள்.

முறை எளியது. டாக்டர் மாணவர் நோயை விசாரிப்பார். மருந்து மாணவர், நோயாளி சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பட்டியல் போடுவார். பிறகு இருவரும் பெரிய டாக்டர் முன்னிலையில் விவாதிப்பார்கள்.

"இந்த மாத்திரையின் அளவு அதிகம்" என்று டாக்டரிடம் சொல்ல இளம் மருந்தாளுநர் தயங்குவது உண்டு. மாணவப் பருவத்திலேயே பேசிப் பழகியவருக்கு அந்தத் தயக்கம் இராது. கேட்கும் டாக்டருக்கும் கோபம் வராது. பிழைப்பது நோயாளி!

சிற்றூருக்கு லாபம்

சங்கரன்கோவிலில் அரசு ஆஸ்பத்திரி உண்டு. மருத்துவக் கல்லூரி என்றால், 1965-ல் தொடங்கிய நெல்லை கல்லூரிக்கு 50 கிலோ மீட்டருக்கு மேல் போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் இன்று பயில்பவர்கள்தான் நாளை சிற்றூர்களுக்கு வரவேண்டியவர்கள். அங்கே கூட்டம் அதிகம். டாக்டருக்கு நேரம் குறைவு. இன்னொரு ஜோடிக் கண் மிகவும் அவசியம். ஆகவே, கூட்டுப் பயிற்சியை எல்லா மருத்துவக் கல்லூரிகளிலும் பாடமாக்குவது நல்லது.

நோயாளிகளும் ஒன்று செய்யலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, சாப்பிடும் மாத்திரைகள், சீட்டுகள், நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துச் செல்ல வேண்டும். எதையும் மறைக்கக் கூடாது.