50 காசு அட்டையும் ஒரு ஏக்கர் தேயிலையும்

அஞ்சலட்டை விலை 50 காசு. ஆயிரம் அட்டை வாங்கினால் 500 ரூபாய். இந்த 500 ரூபாயை முதலாகப் போட்டு நீலகிரியில் ஒரு ஏக்கர் தேயிலைத் தோட்டத்தை வளைக்க முடியுமா?

முடியும் என்கிறது ஒரு பாடம். 'ரியல் எஸ்டேட் முதலீட்டாளர்களுக்குக் குறைந்த செலவில் நேரடித் தபால் மார்க்கெட்டிங்' என்று அதற்குப் பெயர். அமெரிக்கச் சரக்கு. புத்தகமாகவும் வகுப்பாகவும் விற்கிறார்கள்.

பாடம் ரொம்ப எளிது. பேப்பரில் விளம்பரம் கொடுத்துக் காசைக் கரைக்காதே. நிலத்தின் சொந்தக்காரருக்கே நேராகக் கடிதம் போடு. அச்சடித்தது மாதிரி இருக்கக் கூடாது, கையால் எழுதியது மாதிரி இருக்க வேண்டும். அமெரிக்காவில் இதற்காகவே கோடு போட்ட மஞ்சள் தாளைப் பயன்படுத்துகிறார்கள். 'ஐயா, உங்கள் இடத்தை வாங்க விரும்புகிறேன். முழுத் தொகையும் ரொக்கம். கமிஷன் கிடையாது. உடனே கூப்பிடுங்கள்.' அவ்வளவுதான். பதில் வரவில்லையா? அடுத்த மாதம் இன்னொன்று போடு. அதற்கடுத்த மாதமும் போடு. ஆயிரம் பேரில் ஒருத்தர் மசிந்தால் போதும், போட்ட காசு பல மடங்காகத் திரும்பிவிடும்.

தபாலின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. முழுப் பக்க விளம்பரம் கொடுக்க வசதி இல்லாத சின்ன வியாபாரிக்கு அஞ்சலட்டை ஒரு வரப்பிரசாதம். அஞ்சல் துறையே 2002-ல், முகவரிப் பக்கத்தில் விளம்பரம் அச்சிட்ட 'மேகதூத்' அட்டையை 25 காசுக்குக் கொண்டுவந்தது. விளம்பரம் செய்வது பாவம் இல்லை. என்னுடைய சண்டையெல்லாம் அட்டையில் எழுதுகிற முகவரியோடுதான்.

யாருடைய முகவரி அது? இந்தப் பாடத்தின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் அட்டை போட்டால் கட்டுப்படி ஆகாது. அதனால் பட்டியல் தயார் செய்யச் சொல்கிறார்கள். வரி பாக்கி வைத்தவர், கடன் கட்ட முடியாமல் வீடு ஏலத்துக்கு வந்தவர், விவாகரத்து ஆனவர், அப்பா இறந்து சொத்து கைக்கு வந்த பிள்ளைகள், வெளியூரில் இருக்கிற உரிமையாளர். 'விற்கும் உந்துதல் உள்ளவர்கள்' என்று இவர்களுக்கு ஒரு நாகரிகமான பெயர் வேறு. நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால், கழுத்துக்கு மேல் வெள்ளம் வந்தவர்கள். இவர்களை ஏன் தேட வேண்டும்? விலை பேசும் தெம்பு இவர்களுக்கு இருக்காது. 'குறைந்த செலவு' என்பதன் ரகசியம் இதுதான். மலிவாகக் கிடைப்பது தபால்தலை என்றா நினைத்தீர்கள்? அடுத்தவரின் கஷ்டம்தான் இங்கே மலிவு.

நம்ம ஊரில் இந்தப் பட்டியலைத் தயாரிப்பது இன்னும் சுலபம். 2002-ன் சர்ஃபாசி சட்டத்தின் கீழ் வங்கி ஒரு வீட்டைப் பொது ஏலத்துக்குக் கொண்டுவந்தால், இரண்டு நாளிதழ்களில் அறிவிப்புத் தர வேண்டும். அதில் ஒன்று அந்த ஊர் மொழிப் பத்திரிகையாக இருக்க வேண்டும். ஒளிவுமறைவு கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பட்டியல்காரர் கையில் கத்தரிக்கோலோடு காத்திருக்கிறார். சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மீதியைச் சொல்லிவிடும். பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் இன்று கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023-ல் ஒரு சட்டம் வந்ததே என்று கேட்பீர்கள். சட்டப்படி பொதுவில் வைக்க வேண்டிய தகவல்களுக்கு அது பொருந்தாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

இப்போது பைக்காராவுக்கு வாருங்கள். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். நமக்குத் தெரிந்த பைக்காரா ஒரு படகுத்துறை, ஒரு அருவி, ஒரு போட்டோ. 1932-லிருந்து மின்சாரம் தருகிற நதி அது. தோடர்களுக்குப் புனித நதி. மலையிலிருந்து இறங்கி மாயாறாகி, பவானியில் கலந்து, சமவெளிக்குத் தண்ணீராக வருகிறது. இந்தப் பகுதியில் பெரும்பாலும் காடு, மின்வாரிய நீர்த்தேக்கம், தோடர்களின் மந்துகள், எஸ்டேட்டுகள். நீலகிரியில் தனியார் பட்டா நிலம் என்பதே அளவாகத்தான் இருக்கிறது. அதனால்தான் அதற்கு அவ்வளவு கிராக்கி.

அந்தப் பட்டா நிலத்தில் ஒரு பகுதி யார் கையில்? ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற சிறு தேயிலை விவசாயிகள் கையில். பச்சைத் தேயிலைக்கு ஃபாக்டரி தரும் விலைதான் அவர்களுக்குச் சோறு, பள்ளிக்கூட ஃபீஸ், கல்யாணம் எல்லாம். அந்த விலை கட்டுப்படி ஆகவில்லை, கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு வேண்டும் என்று 2023 செப்டம்பரில் உண்ணாவிரதம் இருந்தார்கள். இலை பறிக்கிற கூலிக்கும் உரத்துக்குமே வருமானம் சரியாகப் போகிற வீட்டில், பிள்ளைகள் வேலைக்காகக் கோவைக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட வீட்டில், அந்த அட்டை வந்து விழுந்தால் என்ன ஆகும்? இங்கே பட்டியல்கூடத் தயாரிக்க வேண்டாம். இலை விலை விழுந்தால் ஹட்டி ஹட்டியாக எல்லோருமே 'உந்துதல் உள்ளவர்கள்' ஆகிவிடுகிறார்கள்.

அட்டைக்குப் பதில் போட்ட பிறகு நடக்கும் ஆட்டமும் பாடத்திலேயே இருக்கிறது. சின்னதாக ஒரு அட்வான்ஸ். ஒரு அக்ரிமென்ட். முடிந்தால் ஒரு பவர். மூன்று மாதக் கெடு. வாங்க வந்தவர் கையில் உண்மையில் பணம் இருக்காது. கெடு முடிவதற்குள் இன்னொரு ஆளைப் பிடித்து, கூடுதல் விலைக்குக் கைமாற்றி விடுவார். நடுவில் நிற்கும் லட்சங்கள் அவருக்கு. பவர் பத்திரம் உரிமையை மாற்றாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய அக்ரிமென்ட்டையும் பதிவு செய்தாக வேண்டும். நல்லது. ஆனால் விற்றவருக்கு நியாய விலை தெரியுமா என்று இரண்டுமே கேட்பதில்லை.

'இரண்டு பேரும் மனசு ஒத்துப் போடுகிற வியாபாரம். அவசரத்தில் இருக்கிறவருக்கு உடனே பணம் கிடைக்கிறது. இதில் என்ன தப்பு?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அவசரத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சீக்கிரம் பணம் தருகிறவர் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம். அப்படியானால் அந்த அட்டையிலேயே அரசின் வழிகாட்டி மதிப்பையும், பக்கத்து நிலம் கடைசியாகப் போன விலையையும் எழுதிவிடுங்களேன். இடம் இருக்கிறதே! எழுத மாட்டார்கள். எழுதினால் வியாபாரமே படுத்துவிடும். எதிராளிக்கு விவரம் தெரியாது என்பதை மட்டுமே மூலதனமாக வைத்து நடத்துவதைச் சேவை என்று சொல்லாதீர்கள்.

சட்டம் என்ன செய்கிறது? 2016-ல் வந்த ரெரா சட்டம் நல்ல சட்டம். 'விளம்பரம்' என்றால் நோட்டீஸ், சுற்றறிக்கை எல்லாம் அடக்கம். பதிவு செய்ய வேண்டிய திட்டத்துக்கு பதிவு எண் இல்லாமல் விளம்பரம் கூடாது. பொய்யான விளம்பரத்தை நம்பி ஏமாந்தால் நஷ்டஈடு கேட்கலாம். எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் 10 சதவிகிதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. எல்லாமே வாங்குகிறவரைக் காப்பாற்ற. 'உங்கள் நிலத்தை எனக்கு விற்றுவிடுங்கள்' என்று வருகிற கடிதத்தைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. சென்னையில் ஃபிளாட் வாங்குகிறவருக்குக் குடை உண்டு. மலையில் தோட்டம் விற்கிறவர் நனைய வேண்டியதுதான்.

ரொம்பச் சந்தோஷப்படாதீர்கள், அடுத்த அட்டை உங்களுக்கு. மேலே மலிவாக வாங்கியது கீழே மனையாக வரும். 'பைக்காரா வியூ', 'பனி மூட்டம்', 'வார இறுதி இல்லம்' என்று கலர் நோட்டீஸ் உங்கள் வீட்டுக் கதவிடுக்கில் இருக்கும். அதில் இல்லாததைச் சொல்கிறேன். நீலகிரி முழுக்க 1990-ல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கூடலூர் பக்கம் போனால் 1969-ன் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு நிலங்கள், இன்னும் தீராத தலைவலி. கீழே சீகூர் பீடபூமியில் 2010-ல் அரசு அறிவித்த யானை வழித்தடத்தை 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கே ரிசார்ட் போட்டவர்கள் பட்ட பாட்டை நாடே பார்த்தது.

மலையில் இருப்பவருக்கு விலை தெரியாது. சமவெளியில் இருப்பவருக்கு நிலம் தெரியாது. நடுவில் இருப்பவருக்கு இரண்டும் தெரியும். அவர் இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

என்ன செய்யலாம்? அமெரிக்காவிலேயே பிலடெல்பியா நகரம் 2020-ல் விழித்துக்கொண்டது. இப்படி வீடு பிடிக்கிறவர்கள் உரிமம் எடுக்க வேண்டும், விற்பவருக்கு அவருடைய உரிமைகளைச் சொல்லும் தாளைக் கொடுக்க வேண்டும் என்று விதி போட்டது. நம் அரசும் மூன்று காரியம் செய்யலாம். ஒன்று, நிலம் கேட்டு வரும் கடிதத்தில் கேட்பவரின் உண்மையான பெயரும், வாங்கப்போவது அவரா, கைமாற்றப் போகிறாரா என்பதும் இருக்க வேண்டும். இரண்டு, வழிகாட்டி மதிப்பு அதிலேயே இருக்க வேண்டும். மூன்று, அக்ரிமென்ட் போட்டவர் முப்பது நாளுக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தந்து விலகிக்கொள்ளலாம். இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்குக் காரில் போகிற குடும்பத்திடம் இ-பாஸ் கேட்ட அரசுக்கு, ஊட்டி நிலத்தைக் கேட்டு வருகிறவரிடம் ஒரு முகவரி கேட்பது கஷ்டமா?

அதுவரை உங்களுக்கு. நிலம் கேட்டு அட்டை வந்தால் கூப்பிடும் முன் சார்பதிவாளர் ஆபீசுக்குப் போய் விலை விசாரியுங்கள். மனை விற்கும் நோட்டீஸ் வந்தால் பதிவு எண்ணைத் தேடுங்கள். இந்த வகுப்புக்குப் பணம் கட்டியிருக்கிறீர்களா? பட்டியலில் முதல் பெயரை எழுதும் முன், அதே கடிதம் உங்கள் அப்பா செத்த பதினாறாம் நாள் உங்கள் வீட்டுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பிறகு ஸ்டாம்பு ஒட்டுங்கள்.